எண்ணை மாற்றாதீர்கள், எழுத்தைப் பாருங்கள்

மின்மோட்டார்களைப் பற்றிய ஆய்வுக்கட்டுரைகளில் அடிக்கடி தென்படும் வாக்கியம் ஒன்றுண்டு: தொடக்கநிலை மாற்றங்கள் இங்குக் கருத்தில் கொள்ளப்படவில்லை. தாளில் அது குற்றமில்லை. வீட்டில் பட்டறை வைத்திருப்பவருக்கோ, முழுச் சிக்கலும் அந்த ஒரு நொடிக்குள்தான் இருக்கிறது.

புனேயில் நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் பணி ஓய்வு பெற்றவர். கார் இல்லாத தம் கார் கொட்டகையில் தச்சு வேலை செய்கிறார். தெருவில் எல்லோருக்கும் அவர் ‘காகா’. சென்ற கோடையில் 2 குதிரைத்திறன் கொண்ட காற்று கம்ப்ரசர் ஒன்றை வாங்கினார். அதை இயக்கும்போதெல்லாம் 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுந்துவிடும். பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் ஒரே நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார்: “32 போட்டுவிடலாம்.” காகா என்னிடம் வந்து, போடலாமா என்று கேட்கவில்லை, போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். கேள்வி அப்படி அமைவது அரிது.

நிற்கும் தூண்டல் மோட்டார், இரண்டாம் சுருள் குறுக்கிணைக்கப்பட்ட மின்மாற்றியைப் போன்றது. அந்தக் கம்ப்ரசர் முழுச் சுமையில் ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும்போது அதைப்போல் ஆறு மடங்கு, அதாவது 60 ஆம்பியர் அளவில். வேகம் பிடித்ததும் அது தணிந்துவிடும். காகாவின் பலகையில் இருந்த எம்.சி.பி.யின் முகத்தில் ‘பி16’ என்று அச்சிட்டிருந்தது. பி வகை, தன் அளவைப்போல் 3 முதல் 5 மடங்குக்குள் உடனடியாக விழும்: 48 முதல் 80 ஆம்பியர். சி வகைக்கு அது 5 முதல் 10 மடங்கு: 80 முதல் 160. ஆகவே ‘சி16’ போதும். மாற வேண்டியது எழுத்து, எண் அன்று.

ஏனெனில் அந்த எண் இயந்திரத்துக்கானதே அன்று. சுவருக்குள் கிடக்கும் கம்பிக்கானது. அங்கே இருப்பது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. 32 போட்டிருந்தால் கம்ப்ரசர் சமர்த்தாக ஓடியிருக்கும், எல்லோரும் மகிழ்ந்திருப்போம். ஆனால் அந்த எம்.சி.பி., 46 ஆம்பியர் பாய்ந்தாலும் ஒரு மணி நேரம் வரை விழாமல் இருக்கலாம். தர விதியே அதற்கு இடமளிக்கிறது. குழாய்க்குள் கம்பியின் உறை வெந்துகொண்டிருப்பதை யாரும் பார்க்கப் போவதில்லை.

அப்படியானால் 10 முதல் 20 மடங்கு வரை தாங்கும் டி வகையையே போட்டுவிடலாமே என்று என் ஆய்வகத் தோழி ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ‘டி16’ உடனடியாக விழுவது உறுதியாக வேண்டுமானால் 320 ஆம்பியர் பாய வேண்டும். இயந்திரத்தின் உடலில் மின்சாரம் கசிந்து, வீட்டு எர்த் குழி வழியாக மட்டுமே திரும்ப வேண்டிய நிலையில், குழியின் தடை 5 ஓம் என்றால் 230 வோல்ட்டில் கிடைப்பது 46 ஆம்பியர்தான். அதற்கு ‘சி16’கூட உடனே விழாது. அந்தக் காவல் வேலை 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யுடையது. எம்.சி.பி. இருக்கிறதே என்று அதைத் தவிர்ப்பவர்களை, படித்தவர்களிடையிலும் பார்க்கிறேன்.

தூரமும் கணக்கில் சேரும். பலகையிலிருந்து கொட்டகை 25 மீட்டர். போய்த் திரும்ப 50. இந்தக் கம்பியில் 60 ஆம்பியர் பாயும்போது ஏறக்குறைய 22 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், கிளம்பும் வலு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. தடுமாறும் மோட்டாரில் தொடக்கச் சுருள் துண்டிக்கப்படாமல் நீண்ட நேரம் மின்னோட்டத்தில் கிடந்து கருகும். உரிமம் பெற்ற வேறொரு பணியாளர் 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் தனி இணைப்பு இழுத்துத் தந்தார். அதுவரை பயன்பட்ட, உருளையில் சுற்றியபடியே கிடக்கும் நீட்டிப்பு வயரை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். சுற்றிய வயருக்கு வெப்பத்தை வெளியேற்ற வழியில்லை.

கம்ப்ரசர் நிற்கும்போது ‘டஸ்’ஸென்று காற்று வெளியேறும் ஒலியையும் காகா இப்போது கவனிக்கிறார். அது கேட்காவிட்டால் அழுத்தம் உருளையிலேயே தங்கிவிட்டது என்று பொருள். அடுத்த முறை மோட்டார் அதை எதிர்த்துக் கிளம்ப முடியாமல் உறுமும். அப்போது சில நொடிகளில் எம்.சி.பி. விழுந்தால், அது நியாயமான வீழ்ச்சி.

மிச்சமிருப்பது மேசை ரம்பம். மின்வெட்டு முடிந்து மின்சாரம் வந்ததும் அது தானாகச் சுழலத் தொடங்கும். அருகில் யாருடைய கை இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. மின்சாரம் போனதும் தானே விடுபட்டு, பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால் மட்டுமே இயங்கவிடும் ஸ்டார்டர் வேண்டும் என்றேன். ஒவ்வொரு முறையும் அழுத்த வேண்டுமா என்று காகா சலித்துக்கொள்கிறார். பெட்டி வாங்கியாயிற்று, பொருத்துவது இந்த ஞாயிற்றுக்கிழமை.