ப்ராசஸர் மாற்றலாமா, வேண்டாமா?

சிங்கப்பெருமாள் கோயிலில் பாடலாத்ரி நரசிம்மரைப் பிரதட்சிணம் வருவது அவ்வளவு சுலபமில்லை. அது பல்லவர் காலத்துக் குடைவரை. மூலவர் பாறையோடு பாறையாக இருக்கிறார். அவரைச் சுற்ற வேண்டுமென்றால் குன்றையே சுற்றி வர வேண்டும். கேமிங் கம்ப்யூட்டரில் ப்ராசஸரும் பல சமயம் அப்படித்தான். (பெருமாள் மன்னிப்பாராக :-))

இதே ஊரிலிருந்து லோக்கல் ட்ரெயினில் காலேஜ் போகும் ஒரு பி.காம் மாணவனை எடுத்துக் கொள்ளுங்கள். அவனிடம் இருப்பது 2018-ல் வந்த ரைசன் 5 2600, ஒரு பி450 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1660 கார்டு. வாலரண்டில் சண்டை சூடு பிடிக்கும்போது பார்த்துப் படம் திக்கித் திக்கி ஓடுகிறது. ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசு கையில் இருக்கிறது. ஆனால் அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்கும் அதே காசுதான். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போவதா, வேண்டாமா?

முதலில் குற்றவாளி யார் என்று தெரிய வேண்டும். கேம் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு 95 சதவீதத்துக்கு மேல் வேலை செய்தால் ப்ராசஸர் மேல் தப்பில்லை. கார்டு 60 சதவீதத்தில் சும்மா இருந்தால் சந்தேகப்படலாம். இன்னொரு சோதனை: ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்குக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் ஃப்ரேம் ஏறவில்லையா? அப்போது ப்ராசஸர்தான் தடுக்கிறது.

அடுத்தது, காசில்லாமல் ஆகும் வேலைகள். பயாஸில் எக்ஸ்எம்பி ஆன் செய்யாமல் 3200 வேக ராம் 2133-ல் ஓடிக் கொண்டிருக்கலாம். சித்திரை வெயிலில் தூசி அடைத்த ஃபேன், காய்ந்து போன தெர்மல் பேஸ்ட், இவையும் வேகத்தைக் குறைக்கும். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால், சீராக 90 ஃப்ரேம் வருவதை 150 ஆக்கினாலும் கண்ணுக்குப் பெரிய லாபமில்லை.

இவ்வளவுக்கும் பிறகும் ப்ராசஸர்தான் காரணம் என்றால், குன்றைச் சுற்றும் கணக்கு வருகிறது. இந்த மாணவனுக்கு அதிர்ஷ்டம். அவனுடைய ஏஎம்4 சாக்கெட்டிலேயே 2022-ல் வந்த ரைசன் 5 5600 உட்காரும். அதுவும் 6 கோர், அதே 65 வாட். ஆனால் ஒவ்வொரு கோரும் நன்றாகவே வேகம். பழைய சிப் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும், அதுவும் கரண்ட் போகாத நேரமாகப் பார்த்து!

இன்டெல் வைத்திருப்பவர்கள் கவனம். 2015-ல் வந்த எல்ஜிஏ 1151 போர்டில் 2017 கடைசியில் வந்த எட்டாம் தலைமுறை சிப் ஓடாது, சாக்கெட் பெயர் ஒன்றாக இருந்தாலும். ஏஎம்5-க்குத் தாவினால் போர்டும் புதுசு, டிடிஆர்5 ராமும் புதுசு. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக் கொண்டு போனதில் 2025 கடைசியில் ராம் விலை மளமளவென்று ஏறியது. போதாததற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. ஜிஎஸ்டி ரோட்டில் குடியிருப்பவருக்கும் தள்ளுபடி கிடையாது :-)

காமர்ஸ் படிப்பவர்களுக்கு சங்க் காஸ்ட் தெரிந்திருக்கும். "ஏற்கனவே இவ்வளவு போட்டாச்சே" என்பது மேலும் போடுவதற்குக் காரணம் ஆகாது. கேட்க வேண்டிய கேள்வி, இனிமேல் போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் என்ன கிடைக்கும், அந்த ரூபாய் வேறெங்கே தேவைப்படும் என்பதுதான்.

அப்படிப் பார்த்தால் அந்த மாணவனுக்குப் பதில் இதுதான்: எக்ஸ்எம்பியை இன்றைக்கே ஆன் செய்யலாம். ஃபீஸை முதலில் கட்டலாம். மிச்சம் இருந்து, ரெசல்யூஷன் சோதனையும் ப்ராசஸரையே கை காட்டினால், 5600 வாங்கிப் பழையதை விற்றுவிடலாம். மிச்சம் இல்லையென்றால் காத்திருப்பதில் நஷ்டமில்லை. சிப் விலை நாளைக்குக் குறையலாம், ஃபீஸ் குறையாது.