வாந்தூ மலையும் அரைப்பேரும்

பிரான்சில் பகல் ஒரு மணி என்றால் பதுளையில் பின்னேரம் நாலரை. ஜூலை மாசத்தில் இந்த மூன்றரை மணி நேர வித்தியாசம் எங்களுக்கு ரொம்ப வசதி. கொழுந்து நிறுத்து, பேர் போட்டு, ஆட்கள் மலையிலிருந்து இறங்குகிற நேரத்தில் அங்கே சைக்கிள்காரர்கள் புறப்படுவாங்க. இங்கே சோறு தின்று பாத்திரம் கழுவி முடிக்கிறப்போ அவங்க கடைசி ஏற்றத்தின் அடிக்கு வந்திருப்பாங்க. ஒன்பது மணிவாக்கில் யாரோ ஒருத்தர் கையைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டுவார். நாங்க கோவில் படியிலிருந்து எழும்பி லயத்துக்கு இறங்குவோம்.

கோவில் படி ஏன்னா, அங்கதான் சிக்னல் நிக்கும்.

2025 ஜூலை 5-ஆம் தேதியிலிருந்து 27 வரை தூர் த பிரான்ஸை இப்படித்தான் பார்த்தோம். பசறைப் பக்கம், நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தோட்டம். ஐந்து பேர். மூணு பேர் கலைப்பீடத்தில் படிக்கிறவங்க, லீவில் வந்தவங்க. ஒருத்தி முன்பள்ளி டீச்சர். ஐந்தாவது ஆள், கொழும்பில் சைக்கிளில் சாப்பாட்டுப் பொதி கொண்டுபோய்க் கொடுக்கிறவன். முழங்கால் வீங்கி, ஒரு மாசம் ஓய்வு என்று வீட்டுக்கு வந்திருந்தான். அவன்தான் எங்களுக்கு வாத்தியார். டேட்டா கார்டு முறை வைத்துப் போட்டோம். படம் ஓடாத நேரத்தில் எழுத்தில் வருகிற செய்தியை ஒருத்தர் சத்தமாக வாசிக்க மற்றவங்க கேட்போம். பழைய காலத்தில் ரேடியோவில் கிரிக்கெட் கேட்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்க.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமாக. மூணு வாரம், 21 கட்டம், 3300 கிலோமீட்டருக்கு மேல். புறப்பட்டது 184 பேர். ஒவ்வொரு நாளும் ஒரு வெற்றியாளர் உண்டு. எல்லா நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் யாருக்குக் குறைவோ அவருக்கு மஞ்சள் சட்டை. அவ்வளவுதான் சட்டம். ஆனா சமதரையில் ஒரு பெரிய ரகசியம் இருக்கு: முன்னால் போகிறவர் காற்றை வெட்டுவார், பின்னால் போகிறவர் அவர் முதுகில் ஒளிந்துகொண்டு கொஞ்சமாக மிதித்தாலே போதும். நூறு பேர் கூட்டமாக வந்தால் யார் பலசாலி, யார் இல்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

"காலி வீதியில பஸ்ஸுக்குப் பின்னால ஓடிப் பாரு, சும்மா இழுத்துக்கிட்டுப் போகும்" என்றான் எங்கள் வாத்தியார். "மலையில அது நடக்காது. வேகம் கொறஞ்சா காத்து கணக்கில்ல. அப்ப ஒன் ஒடம்புதான் ஒனக்குப் பாரம்."

அதனால்தான் மலை உச்சியில் முடிகிற நாளுக்குக் காத்திருக்கிறார்கள். அங்கே ஒளிய இடமில்லை.

ஜூலை 22, செவ்வாய்க்கிழமை. மொன்பெலியேயிலிருந்து மோன் வாந்தூ வரை 171.5 கிலோமீட்டர். (வாந்தூ என்ற பேரைக் கேட்டதும் எங்க கூட்டம் சிரிச்ச சிரிப்பில் கோவில் நாய் எழும்பி ஓடிருச்சு.) கிட்டத்தட்ட முழுவதும் சமதரை, கடைசியில் பெதுவான் என்கிற ஊரிலிருந்து 15.7 கிலோமீட்டர் ஏற்றம், சராசரி 8.8 வீதம். நூறு மீட்டர் போனால் ஒன்பது மீட்டர் ஏறியிருப்பீங்க என்று அர்த்தம். உச்சி 1910 மீட்டர். மேலே மரம் கிடையாது, வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் கல்.

1910 என்றதும் எங்களில் புவியியல் படிக்கிறவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நம்ம நமுனுகுல 2036 டா." உண்மைதான். உலகமே நடுங்குகிற வாந்தூவை விட, எங்க லயத்துக்குப் பின்னால் நிற்கிற மலை 126 மீட்டர் உயரம். அன்றைக்கு ராத்திரி அந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தோம். பார்க்க ஒன்றுமில்லை, இருட்டு.

இன்னொரு ஒற்றுமையும் இருக்கு. வாந்தூவில் காற்றுக்குப் பஞ்சமில்லை. 2016-இல் உச்சியில் நிற்க முடியாத காற்று என்று ஆறு கிலோமீட்டர் கீழேயே அந்த நாளை முடித்தார்கள். அந்த நெரிசலில்தான் மஞ்சள் சட்டை போட்டிருந்த கிறிஸ் ஃப்ரூம் மோட்டார் சைக்கிளில் மோதி, சைக்கிள் உடைந்து, மலைப்பாதையில் கால்நடையாக ஓடினார். அந்தக் காணொளியை நாங்க எத்தனை தடவை பார்த்தோமோ தெரியாது. இங்கே எங்களுக்குக் கச்சான் காத்து. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை காய்ந்து அடிக்கும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர் வாங்கிக் கொடுக்கிற வாசனை இந்தக் காற்றில்தான் வருகிறது. அதே காற்றில் கொழுந்து துளிர்க்காது. தேயிலைக்கு மதிப்புக் கூடுகிற மாசத்தில் கூடை நிறையாது.

இதைச் சொல்லுவதற்குக் காரணம் அரைப்பேர்.

வாந்தூ நாளன்று எங்க வாத்தியாரோட அம்மாவும் இன்னும் ரெண்டு அக்காமாரும் படியில் வந்து உட்கார்ந்திருந்தாங்க. முன்னால் போகிற ஆட்களைப் பற்றி அவங்களுக்கு அக்கறை இல்லை. கடைசியில் வருகிற ஒரு கூட்டத்தைக் காட்டியதும்தான் கிட்ட வந்தாங்க. வேகமாக ஓடக்கூடிய, ஆனால் ஏறத் தெரியாத பெரிய உடம்புக்காரர்கள் மலை நாளில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு மெதுவாக ஏறுவாங்க. ஏனென்றால் நேர எல்லை ஒன்று இருக்கு. முதலில் வந்தவர் எடுத்த நேரத்தோடு இத்தனை வீதம் கூட்டி ஒரு கணக்கு. அதற்குள் வராதவர் மறுநாள் புறப்பட முடியாது.

அம்மா கேட்டாங்க: "அப்ப அந்தப் புள்ளைக்கு அன்னைக்கு அரைப்பேருகூட கெடையாதா?"

கிடையாது அம்மா.

"நம்ம கணக்கப்பிள்ளையாவது அரைப்பேரு போடுவாரு."

வெளியிலிருந்து வாசிக்கிறவங்களுக்கு: குறித்த கிலோ எடுக்காவிட்டால் அன்றைக்கு முழுநாள் சம்பளம் இல்லை, பாதி. பதினெட்டு, இருபது என்று தோட்டத்துக்குத் தோட்டம் கிலோ மாறும். கச்சான் காத்துக் காலத்தில் அந்தக் கிலோவை எடுக்க என்ன பாடு என்று அம்மாவுக்குத் தெரியும். அதனால் கடைசிக் கூட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. எங்களுக்கு எப்பவும் வெல்லுகிறவர் கதைதான் கதை. அவங்களுக்கு வாந்தூவின் கதை, யாருக்கு முழுப்பேர் விழுந்தது என்பது.

முன்னால் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். ஸ்பானியர் என்ரிக் மாஸ் தனியாக முன்னே போனார். அவரைப் பின்னாலிருந்து ரெண்டு பேர் பிடித்தார்கள்: அயர்லாந்தின் பென் ஹீலி, பிரான்சின் வலன்தான் பரே-பாந்த்ர். கீழே மஞ்சள் சட்டை தாடே பொகாச்சரும் யோனாஸ் விங்கெகோரும் ஒருத்தரை ஒருத்தர் உதற முடியாமல் தனிச்சண்டை. கடைசிக் கிலோமீட்டர்களில் ஹீலியும் பரே-பாந்த்ரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறைத்த நேரத்தில், பின்னால் விடுபட்டிருந்த இலான் வான் வில்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து சேர்ந்தார். அவர் பரே-பாந்த்ரின் அணிக்காரர். வந்தவர் ஓய்வெடுக்கவில்லை. நேரே முன்னுக்குப் போய் தன் ஆளுக்காக இழுத்தார். கடைசி வளைவில் பரே-பாந்த்ர் பாய்ந்து வென்றார். அந்த வருஷத் தூரில் ஒரு பிரெஞ்சுக்காரர் வென்ற முதல் கட்டம் அது. கோட்டில் ரோட்டோரச் சனம் அழுதது.

எங்க வாத்தியார் பரே-பாந்த்ரைப் பார்க்கவே இல்லை. "வந்தான் பாரு, வந்தான் பாரு" என்று வான் வில்டரைத்தான் காட்டிக்கொண்டிருந்தான்.

தலைவனுக்காகக் காற்றை வெட்டுகிறவர், தண்ணீர்ப் போத்தல் தூக்கி வருகிறவர், தேவைப்பட்டால் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுக்கிறவர்: இவங்களுக்குப் பிரெஞ்சில் 'தொமெஸ்தீக்' என்று பேர். வேலைக்காரன் என்று அர்த்தம். ஒளிவுமறைவில்லாத பேர். ஆனா அங்கே ஒரு நல்ல வழக்கமும் இருக்கு. ஒட்டுமொத்தமாக வெல்லுகிறவருக்கு ஐந்து லட்சம் யூரோ. அதை அணியோடு பங்கு போடுவதுதான் மரபு. ஒரு நாள் கட்டத்தை வென்றால் 11,000 யூரோ. வாத்தியார் போனிலேயே கணக்குப் போட்டான். ஏறத்தாழ முப்பத்தெட்டு லட்சம் ரூபாய். அப்போதைய நாள் சம்பளம் 1350-ஆல் வகுத்தால் 2800 பேருக்கு மேல். "எங்க அம்மாவுக்கு ஒம்பது வருசம்" என்றான். அம்மா பக்கத்தில்தான் இருந்தாங்க. "ஒம்பது வருசம் மழையே பெய்யாம இருந்தாத்தான்" என்றாங்க. ஆயிரம் ரூபாய்க்காக 2021 வரைக்கும் இழுபட்ட போராட்டத்தில் வீதியில் உட்கார்ந்தவங்களில் அவங்களும் ஒருத்தர்.

மறுநாள் சும்மா இருக்க முடியவில்லை. ஊவாவில் ஒரு மலை உச்சிக் கட்டம் வைத்தால் எங்கே வைக்கலாம்? ஒரு அங்குல வரைபடத்தை விரித்து, சமவுயரக் கோடுகளை எண்ணி, பழைய பாடக்குறிப்பின் பின்பக்கத்தில் வரைந்தோம். வெல்லவாயவில் புறப்பாடு. தியலும அருவியைத் தாண்டி, கொஸ்லந்தை, பெரகலை, அங்கிருந்து ஹப்புத்தளை. அது 1430 மீட்டர்வாக்கில். பிறகு டம்பேதன்ன வீதி, தேயிலை ஸ்டோர், அதற்கு மேல் ஒடுங்கின முடக்குகள், முடிவு லிப்டன் சீட். ஏறத்தாழ 1970 மீட்டர். வாந்தூ பிச்சை வாங்கும்.

வரைந்து முடித்தபிறகு ரெண்டு விஷயம் எங்களைத் தடுத்தது. ஒன்று கொஸ்லந்தை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயத்தை மூடியது அந்தப் பக்கம்தான். மண்ணுக்குள்ளே இருந்து எடுக்காமலே விட்டவங்க இருக்கிறாங்க. அந்த வீதியில் கொடி ஆட்டிக்கொண்டு கைதட்டிக்கொண்டு நிற்பதை எங்களால் கற்பனை செய்ய முடியவில்லை. வாந்தூவிலும் ஒரு சாவு உண்டு: 1967 ஜூலை 13-ஆம் தேதி, உச்சிக்குக் கிட்டத்தில் டொம் சிம்சன் என்ற ஆங்கிலேயர் வெயிலிலும் ஊக்கமருந்திலும் விழுந்து செத்தார். அந்த இடத்தில் நினைவுக்கல் இருக்கு. ஏறி வருகிறவங்க தொப்பியும் போத்தலும் வைத்துவிட்டுப் போறாங்க.

ரெண்டாவது, லிப்டன் சீட். தோமஸ் லிப்டன் 1890-இல் டம்பேதன்னவை வாங்கினார். அங்கே உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்ப்பாராம். அந்த மலைக்குப் பாதை வெட்டினவங்க, கல் சுமந்தவங்க, கன்று நட்டவங்க யார் பேரும் எந்தக் கல்லிலும் இல்லை. உட்கார்ந்தவர் பேர்தான் இருக்கு. எங்க கட்டத்தின் முடிவுக்கு வேறு பேர் வைக்கணும் என்று வாக்கெடுப்பு வைத்தோம். 'பெரட்டுக்களம்' மூணுக்கு ரெண்டில் வென்றது.

இந்த விளையாட்டெல்லாம் வேறொரு பேச்சைத் தள்ளிப்போடத்தான். வாத்தியாருக்கு முழங்கால் ஆறிவிட்டது. அம்மாவுக்கு ஓய்வு வயசு நெருங்குகிறது. காம்பரா அவங்க பேரில் இல்லை, தோட்டத்தின் பேரில் இருக்கு. வீட்டில் ஒருத்தராவது வேலைக்குப் பேர் பதிந்திருந்தால் யாரும் வந்து கேட்கமாட்டாங்க என்பது அம்மாவின் நினைப்பு. "நீ இங்கயே பேரு பதி" என்று மூணு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாங்க. அவனுக்கோ கொழும்பு அறைக்கு வாடகை ஏறிக்கொண்டிருந்தது. நாங்க மூணு பட்டதாரி ஆகப்போகிறவங்க, ஒரு டீச்சர். எங்களிடம் அவன் யோசனை கேட்டபோது ஒருத்தருக்கும் பேச்சு வரவில்லை. பதிந்துகொள் என்று சொல்ல எங்களுக்கு என்ன தகுதி? நாங்களே பதியாமல் தப்புவதற்குத்தானே படிக்கிறோம். போ என்று சொன்னால், அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஜூலை 24, கோல் த லா லோஸ் நாள். ஆஸ்திரேலியர் பென் ஓ'கொன்னர் வென்றார். அவன் படிக்கு வரவில்லை. பதுளையில் கொழும்பு பஸ் ஏறிவிட்டான். பையில் ஒரு முழங்கால் பட்டி, அம்மா கட்டிக் கொடுத்த ரொட்டியும் கட்டச்சம்பலும்.

அதற்குப் பிறகும் அம்மா படிக்கு வந்தாங்க. அதுதான் எங்களுக்கு ஆச்சரியம். பெண்களுக்கான தூர் ஜூலை 26-இல் தொடங்கி ஒன்பது நாள். ஆகஸ்ட் 2, சனிக்கிழமை, மதலேன் மலை உச்சியில் பிரான்சின் பொலின் ஃபெரோன்-ப்ரெவோ தனியாக வந்து மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டார். மறுநாள் மொத்தப் போட்டியையும் வென்றார். நாங்க இதைப் பெரிய செய்தியாகச் சொல்ல, ஒரு அக்கா திரும்பிப் பார்த்து, "பொம்பளைங்க மல ஏறுறதெல்லாம் ஒரு புதுசா?" என்றாங்க. தலையில் பட்டி, முதுகில் கூடை, இடுப்பில் படங்கு, அட்டைக்கு உப்புத்துணி. தோட்டத்தில் 'மலை' என்றாலே வேலைக்காடுதான், காலையில் பெரட்டில் "இன்னைக்கு எந்த மல?" என்றுதான் கேட்பாங்க. ஏறி முடித்தபின் கை தூக்குவதற்குக் கோடு இல்லை. மடுவத்தில் தராசுதான்.

ஆண்கள் தூர் ஜூலை 27 ஞாயிற்றுக்கிழமை பாரிஸில் மழையோடு முடிந்தது. பொகாச்சருக்கு நாலாவது பட்டம். விங்கெகோர் ரெண்டாவது. அன்றைக்கு ராத்திரி வாத்தியாரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் வாகனச் சத்தம், மூச்சிரைப்பு. மொன்மார்த்ர் ஏற்றத்தில் யார் போனது என்று கேட்டான். வூட் வான் ஆர்ட் பொகாச்சரை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று சொன்னோம். "சரி, இங்க நாலாம் மாடி, லிஃப்ட் வேல செய்யல" என்றான். அம்மாவுக்கு ரொட்டி நல்லா இருந்தது என்று சொல்லச் சொன்னான்.

2026 தூருக்குப் பார்சிலோனாதான் தொடக்கம். டேட்டா கார்டுக்கு இப்போதிருந்தே சேர்க்கணும், இனி நாலு பேர்தான்.