கந்தான் மலையின் திணை

ஈப்போவிலிருந்து வடக்கே செல்வோர் செமோரைக் கடந்ததும் வெண்ணிறப் பாறைச் சுவரொன்றைக் காண்பர். அதுவே குனோங் கந்தான் என்னும் சுண்ணாம்புக் குன்று. பெயரைக் கேட்டதும் குன்றுதோறாடும் முருகன் நினைவுக்கு வருதல் தமிழ்ச் செவிக்கு இயல்பே! அம்மலையின் ஒரு புறம் சிமெண்டுக்காகப் பல்லாண்டுகளாக வெட்டுண்டு படிப்படியாய் நிற்கிறது, மறுபுறம் காடு.

டிசம்பர் விடுமுறையில் ஒருநாள், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மாணவர் ஐவரை அழைத்துக்கொண்டு அம்மலையடியிற் பறவை காணச் சென்றார். அவர் தோட்டத்து லயத்திற் பிறந்தவர். பெரட்டுக்குப் புறப்படும் பால்மரம் வெட்டுவோர் கரிச்சானின் குரல்கேட்டுப் பொழுதறிந்ததை இளமையிற் கண்டவர். அத்தோட்டம் இன்று பாதி செம்பனை, பாதி வீடமைப்புப் பகுதி.

பழைய ஈயக்குட்டை ஒன்றின் கரையில் நீலச்சிறகு பளிச்சிட்டது. "ராஜா ஊடாங்!" என்றான் ஒருவன். இறால்களின் அரசன் என்னும் பொருள்தரும் அந்த மலாய்ப் பெயர் அழகியதே. மீன்கொத்தி என்ற சொல்லையும் அவன் அறிவான்; பாடநூலில் படித்திருக்கிறான். சொல்லும் பறவையும் அவனுக்குள் அன்றுவரை சந்தித்ததில்லை, அவ்வளவுதான்.

நண்பகலில் பாறை தகித்தது. சுண்ணாம்புப் பாறை மழைநீரைத் தேக்குவதில்லை. பிளவுகள் வழியே உள்ளே விட்டுவிடும். ஆகையால் மழை மிகுந்த இந்நாட்டிலும் அதன் உச்சி வறண்டது. ஆங்கு மரங்கள் குறுகி நிற்கும். மலையென்பதால் குறிஞ்சி; ஆனால் கண்ணுக்கோ பாலை. மாணவி ஒருத்தி கேட்டே விட்டாள்: "ஐயா, இதை எந்தத் திணையில் எழுதுவது?"

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாவதை இளங்கோவடிகள் சொல்லியிருப்பதை ஆசிரியர் நினைவூட்டினார். பிறகு வெட்டுண்ட பக்கத்தைச் சுட்டினார். "அங்கே வெயிலால் திரிந்தது. இங்கே திரித்தது வெயிலன்று, அம்மா" என்றார்.

அந்த வெட்டுமுகத்தின் விளிம்பில் நீலப் பூங்குருவி ஒன்று வந்தமர்ந்தது. தமிழகத்துக்குக் குளிர்காலத்தில் மட்டும் வரும் பறவை இது. மலாயாத் தீபகற்பத்தின் சுண்ணாம்புப் பாறைகளிலோ ஆண்டு முழுதும் தங்கிக் கூடுகட்டும் இனமும் உண்டு. பாறை போனால் கூடும் போகும். பறவைக்காவது சிறகுண்டு. தன் வளைக்குக் கதவமைத்து வாழும் சிலந்தியொன்று இம்மலைக் குகைக்கே உரியது. 1997இல் அறிவியலார் அதற்கு மலையின் பெயரையே இட்டனர். 2014இல் இங்குள்ள நத்தையொன்றுக்கு, அப்போது மலையை வெட்டிவந்த நிறுவனத்தின் பெயர் சூட்டப்பட்டது. இது புகழ்ச்சியா, எச்சரிக்கையா என்பதை நத்தை அறியாது.

ஏழு மணி கடந்து இருள் சூழ்கையில் வௌவால்கள் புறப்பட்டன. இப்பகுதிக் குகைகளில் தங்கும் தேனுண்ணும் வௌவால்களே இரவில் மலரும் டுரியான் பூக்களுக்கு மகரந்தம் சேர்ப்பவை என்றார் ஆசிரியர். பிள்ளைகள் அண்ணாந்து நின்றனர். மாணவியின் குறிப்பேட்டில் 'புள்' என்ற தலைப்பின்கீழ் பதினொரு பெயர்கள் இருந்தன. 'திணை' என்ற இடத்தில் இரண்டு சொற்களை எழுதி, நடுவே வினாக்குறி இட்டிருந்தாள்.