அஞ்சு கால் நாற்காலி

நாற்காலின்னா நாலு கால். போன தீபாவளிக்கு முன்னாடி நான் வாங்கினதுக்கு அஞ்சு கால், காலுக்கு ஒரு சக்கரம். (சக்கரத்துல ஓடற, பின்னால சாயற நாற்காலிக்கு நாலு கால்னா கவிழற பயம் ஜாஸ்தி. அதான் அஞ்சு.) முக்காலி, நாற்காலி வரிசையில இது ஐங்காலின்னு பத்தாங்கிளாஸ் படிக்கற எங்க வீட்டு மகாராணி தீர்ப்பு சொல்லியாச்சு. ரெண்டு மாசம் இஞ்ச் டேப்பும் கையுமா கடை கடையா ஏறி வாங்கினது. முதுகைப் பிடிச்சுக்கிட்டு இதே மாதிரி அலையறவங்க யாருக்காவது உதவட்டுமேன்னு எழுதறேன்.

முதல்ல என் உயரத்தைச் சொல்லிடறேன். 151 செ.மீ. குள்ளம்தான். ஆனா தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி இந்தியப் பெண்களோட சராசரி உயரமே சுமார் 152தான். அதாவது நான் ஊர்ல உலகத்துல இல்லாத ஆளு இல்ல.

மாட்டுங்கா கிளையில எனக்குக் குடுத்திருந்த நாற்காலியை எவ்வளவு இறக்கினாலும் தரையிலேர்ந்து 46 செ.மீ. சாஞ்சு உக்காந்தா கால் அந்தரத்துல தொங்கும். கால் தரையில படணும்னா நுனிக்கு வரணும். நுனிக்கு வந்தா முதுகுக்குன்னு வச்சிருக்கற பட்டை தனியா காத்து வாங்கிக்கிட்டிருக்கும். பேங்க்ல சேந்து பத்தொன்பது வருஷம், எந்த ஊர்க் கிளைக்குப் போனாலும் இதே கதைதான். ஆரம்பத்துல மேசைக்கு அடியில கம்ப்யூட்டர் பெட்டி இருந்துச்சு, அது மேல கால் வச்சுப்பேன். அப்புறம் திரையோடயே ஒட்டின கம்ப்யூட்டர் வந்துச்சு, பெட்டி போச்சு. பழைய வவுச்சர் கட்டு ரெண்டை இழுத்துப் போட்டுக்கிட்டேன். காகிதத்துல கால் பட்டா தொட்டுக் கண்ணுல ஒத்திக்கற வீட்டுல வளந்தவ நான். சரஸ்வதி கோவிச்சுக்கக் கூடாதேன்னு மேல ஒரு கோணியைப் போட்டு மூடி, அது மேல கால் வச்சு, மனசுக்குள்ள தினமும் ஒரு மன்னிப்பு.

போன வருஷம் வலது தொடையில மரமரப்பு ஆரம்பிச்சுது. செம்பூர்ல ஒரு எலும்பு டாக்டர்கிட்ட போனேன். எக்ஸ்ரேல பெருசா ஒண்ணுமில்லைன்னுட்டு, "ஆபீஸ்ல எப்படி உக்காருவீங்க? இந்த நாற்காலில உக்காந்து காட்டுங்க"ன்னார். உக்காந்தேன். குனிஞ்சு மேசைக்கு அடியில பாத்தார். "உங்க பாதம் எங்க இருக்கு, பாருங்க"ன்னார். நுனி விரல் மட்டும் தரையைத் தொட்டுக்கிட்டிருந்துச்சு. நாற்காலியோட முன் விளிம்பு நாள் பூரா தொடையை அடியில அழுத்திக்கிட்டே இருந்தா மரத்துப் போகாம என்ன செய்யும்? பத்தொன்பது வருஷம் இதை யாரும் பாக்கல. நானும்தான்.

நாற்காலி மாத்தணும்னு கேட்டு எழுதினேன். 'பரிசீலனையில்'னு பதில் வந்துச்சு. பேங்க்ல இருக்கறவங்களுக்கு அந்த வார்த்தையோட அர்த்தம் தெரியும். :-) சரி, நாமளே வாங்கிடலாம்னு இறங்கினேன்.

கடைகள்ல ஏறினதும் கண்ணுல பட்டது ஒண்ணு. டைரக்டர் சேர், எக்ஸிகியூட்டிவ் சேர், ஸ்டாஃப் சேர்னு பதவியை வச்சுத்தான் விக்கறாங்க. பதவி உசர உசர முதுகுப் பட்டையும் உசருது, மெத்தையும் தடிக்குது. எங்க கிளையிலயும் அப்படித்தான். மேனேஜருக்குத் தலைவரைக்கும் வர்ற நாற்காலி, மேல வெள்ளைப் பூத்துவாலை. அவர் பாதி நேரம் வாடிக்கையாளரைப் பாக்க வெளியில. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அசையாம பணம் எண்ணற கவுன்டர் பொண்ணுக்கு இருக்கறதுலயே மட்டமான நாற்காலி. அதிக நேரம் உக்காரறது யாருன்னு பாத்துக் குடுத்தா நேர் எதிராத்தான் இருக்கணும்.

ஒரு நாற்காலிக்காக இவ்வளவு புலம்பலான்னு நடுவுல எனக்கே கூச்சமாயிருந்துச்சு. தி.நகர் ஜவுளிக் கடைகள்ல நாள் முழுக்க நின்னுக்கிட்டே புடவை விரிச்சுக் காட்டற பொண்ணுங்களுக்கு உக்கார ஒரு ஸ்டூல்கூட இல்லாமதானே இருந்துச்சு? கடைகள்ல வேலை பாக்கறவங்களுக்கு உக்கார இடம் குடுத்தே ஆகணும்னு கேரளாவுல 2018லயும் தமிழ்நாட்டுல 2021லயும் சட்டமே திருத்த வேண்டியிருந்துச்சு. அதை நினைச்சா எனக்கு நாற்காலி இருக்கறதே பெரிசுன்னு தோணுச்சு. ஆனா தொடை மரத்துப் போறப்போ அந்தச் சமாதானம் எடுபடல.

சரி, அளவுக்கு வர்றேன். வாங்கறதுக்கு முன்னாடி வீட்டுல யாரையாவது டேப் பிடிக்கச் சொல்லி மூணு அளவு எடுத்துக்கோங்க.

ஒண்ணு, தரையிலேர்ந்து முழங்காலுக்குப் பின்பக்க மடிப்பு வரைக்கும். எனக்கு வெறுங்காலோட 38, ஆபீஸ் செருப்போட 40. (வீட்டுல உபயோகிக்கறதுக்குன்னா வெறுங்கால் அளவுதான் கணக்கு. நாம வீட்டுக்குள்ள செருப்பு போடறதில்லையே.) ரெண்டு, சுவத்துல முதுகு ஒட்டி உக்காந்து, பின்பக்கத்துலேர்ந்து முழங்கால் மடிப்பு வரைக்கும். எனக்கு 44. நாற்காலியோட ஆழம் இதைவிட ரெண்டு மூணு விரற்கடை குறைச்சலா இருக்கணும். ஆழம் ஜாஸ்தியானா ஒண்ணு முதுகு சாயாது, இல்ல விளிம்பு முழங்காலை அறுக்கும். மூணு, உக்காந்த இடத்துலேர்ந்து மடிச்ச முழங்கை வரைக்கும். எனக்கு 21. கைப்பிடி அந்த உயரத்துக்கு இறங்கலைன்னா நாள் பூரா தோளைத் தூக்கிக்கிட்டே இருப்போம்.

நம்ம ஆளுங்க அளவு தனின்னு தெரியாம இல்ல. 1997லயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் இந்திய உடல் அளவுகளைத் திரட்டி தேப்குமார் சக்ரவர்த்தி எழுதின புஸ்தகத்தை வெளியிட்டிருக்கு. இந்தியத் தர நிர்ணய அமைப்பும் வேலைக்கான நாற்காலிக்குன்னே ஐ.எஸ். 17631னு 2022ல தரம் வகுத்திருக்கு. ஆனா கடையில நிக்கற பையன்கிட்ட "ஆழம் எத்தனை செ.மீ.?"னு கேட்டா, "மேடம், நல்லா கம்ஃபர்ட்டா இருக்கும், உக்காந்து பாருங்க"ன்னுதான் பதில் வருது.

கடைசியில மூணு தேறிச்சு.

முதலாவது, இணையத்துல 7,500 ரூபாய். வலைத்துணி முதுகு, தலைக்கு அணை, இடுப்புக்கு அணை, படத்துல ராக்கெட் மாதிரி இருந்துச்சு. பக்கத்து பில்டிங்ல ஒருத்தர் வாங்கியிருந்தார், போய் உக்காந்து பாத்தேன். ஆழம் 49. தலை அணை நெட்டையானவங்களுக்கு வச்ச இடத்துல இருந்து என் மண்டையை முன்னால தள்ளுச்சு. இடுப்பு அணை எனக்கு விலா எலும்புல.

ரெண்டாவது, ஓஷிவாரா பழைய சாமான் மார்க்கெட்டுல ஒரு ஏரான். ஹெர்மன் மில்லர் கம்பெனி 1994ல கொண்டு வந்த நாற்காலி. மெத்தையே கிடையாது, உக்கார்ற இடமும் வலைதான். அக்டோபர் மாசப் பம்பாய்ப் புழுக்கத்துல அதோட அருமை தெரியும். புதுசுன்னா லட்சத்தைத் தாண்டும், இங்க 32,000 சொன்னாங்க. ஏறக்குறைய பணத்தை எடுத்துட்டேன். ஆனா ஏரான் சட்டை மாதிரி, ஏ, பி, சின்னு மூணு சைஸ்ல வருது. முதுகுச் சட்டத்தோட மேல் விளிம்புக்குப் பின்னால தடவிப் பாத்தா சின்னச் சின்னப் புள்ளி கைக்குத் தட்டுப்படும். ஒரு புள்ளின்னா சின்னது, ரெண்டுன்னா நடுத்தரம், மூணுன்னா பெருசு. இதுல ரெண்டு. எனக்கு வேண்டியது ஒரு புள்ளி. "அந்த சைஸ் எங்க மேடம் வருது"ன்னு கடைக்காரர் கையை விரிச்சார். யாரோ நெட்டையான ஆபீசருக்கு வாங்கினது. முன் விளிம்பு என் முழங்காலுக்குப் பின்னால இடிச்சுது. மனசில்லாம எழுந்தேன்.

மூணாவது, நம்ம நாட்டுத் தயாரிப்பு, ஷோரூம்ல 17,800. பாக்க ஒரு அழகும் இல்ல. ஆனா உக்கார்ற பலகையை முன்னும் பின்னும் நகத்தலாம், ஆழம் 40 வரைக்கும் குறையுது. உயரம் 41 வரைக்கும் இறங்குது. கைப்பிடி இறங்குது. சாயறப்போ எவ்வளவு கனமாத் தள்ளணும்கறதை நம்ம எடைக்குத் தகுந்தா மாதிரி திருகிக்கலாம். இந்தச் சாயற விஷயம் முக்கியம். நிமிந்து தொண்ணூறு டிகிரியில உக்காருன்னுதானே வாத்தியார் சொல்லிக் குடுத்தார்? 2006ல ஸ்காட்லாந்து அபர்தீன்ல 22 பேரை வேற வேற மாதிரி உக்கார வச்சு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்தாங்க. முதுகெலும்புத் தட்டு இருக்கறதுலயே குறைவா நகந்தது சுமார் 135 டிகிரி சாஞ்சப்போதான். அவ்வளவு சாஞ்சு செக் பாஸ் பண்ண முடியாதுங்கறது வேற விஷயம். அப்பப்போ சாஞ்சு, அப்பப்போ எழுந்து நடமாடறதுக்கு எந்த நாற்காலியும் ஈடில்ல.

மூணாவதை வாங்கிட்டேன். வீட்டுக்கு வந்தது. இறக்கி உக்காந்தேன். உள்ளங்கால் முழுசா தரையில. கண்ணுல தண்ணியே வந்துடுச்சுன்னா நம்புவீங்களா? பத்து நிமிஷம்தான் அந்தச் சுகம். சாப்பாட்டு மேசை முன்னால தள்ளிக்கிட்டுப் போய் லேப்டாப்பைத் தொட்டேன். "அம்மா, ஸ்கூல் பஸ் ஜன்னல்ல எட்டிப் பாக்கற எல்.கே.ஜி. மாதிரி இருக்கே"ன்னு மகாராணி விழுந்து விழுந்து சிரிக்கறா.

கணக்கு புரியுதா? வீட்டு மேசையும் 75 செ.மீ., ஆபீஸ் மேசையும் 75. நாற்காலியை 41க்கு இறக்கினா என் முழங்கை 62ல நிக்குது. கை மேசைக்கு வரணும்னா நாற்காலியை 54க்கு ஏத்தணும். ஏத்தினா கால் மறுபடி அந்தரத்துல. 17,800 ரூபாய் குடுத்து வவுச்சர் கட்டுக்கே திரும்பி வந்தாச்சு. பி.காம். படிச்சு தினம் கோடிக்கணக்குல டேலி பண்றவளுக்கு இந்தச் சின்னக் கழித்தல் தோணல.

ஆபீஸ் மேசை பேங்க் சொத்து, காலை வெட்ட முடியாது. அப்பத்தான் தாராவி அண்ணாச்சி ஞாபகம் வந்தார். முன்னாடி அந்தப் பக்கம் ஒரு கிளையில நான் இருந்தப்போ கணக்கு வச்சிருந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டு கடைசியிலயே திருநெல்வேலிப் பக்கத்துலேர்ந்து தாராவிக்குத் தோல் பதனிடற வேலைக்கு வந்த குடும்பங்கள் உண்டு, அதுல ஒண்ணு இவரோடது. இப்போ 90 அடி சாலைக்குப் பின்னால சந்துல பை தைக்கறார், சோபாவுக்கு ரெக்ஸின் மாத்தறார்.

பதினாலு செ.மீ. உயரத்துல ஒரு பலகை வேணும்னேன். "அளவைச் சொல்லாதீங்கம்மா, உக்காந்து காட்டுங்க"ன்னு வேலை மேசையைக் காலி பண்ணினார். டாக்டருக்கு அப்புறம் என் கால் எங்க இருக்குன்னு குனிஞ்சு பாத்த ரெண்டாவது மனுஷர். "இதுக்கு மணைதான் சரி. முன்னால கொஞ்சம் சரிச்சு வச்சுத் தாரேன். சாமி சிலைக்கே பாதபீடம் இருக்கு, உங்களுக்கு இருக்கக் கூடாதா?"ன்னார். ஒரு மணி நேரத்துல பிளைவுட் மணை ரெடி. அடியில வழுக்காம இருக்க ரப்பர் துண்டு, மேல பை தைச்சு மிஞ்சின தோல். காசு வேண்டாம்னார். "வாங்கலைன்னா விஜிலன்ஸ்ல மாட்டுவேன், அண்ணாச்சி"ன்னு 600 ரூபாயைத் திணிச்சுட்டு வந்தேன்.

நாற்காலியை மாட்டுங்காவுக்குக் கொண்டு போறது தனிக் கூத்து. செம்பூர் ஆட்டோ சாயனுக்கு மேல போகாது. டாக்ஸி கேரியர்ல கட்டி, அஞ்சு காலும் வானத்தைப் பாக்க ஊர்வலம். கிளையில இறக்கினா அடுத்த சிக்கல். பேங்க்ல இருக்கற மேசை நாற்காலிக்கெல்லாம் ஒரு ரிஜிஸ்டர் உண்டு, அதுல இல்லாத நாற்காலி உள்ள இருந்தா ஆடிட்டர் கேப்பார். 'மேற்படி நாற்காலி என் சொந்தச் செலவில் வாங்கியது, மாற்றலாகும்போது எடுத்துச் செல்வேன்'னு எழுதிக் குடுத்து, அடியில பேர் ஒட்டினேன். "மேடம் மேனேஜர் ஆகறதுக்கு முன்னாடியே நாற்காலி கொண்டு வந்துட்டாங்க"ன்னு ரெண்டு நாள் கிண்டல் ஓடிச்சு.

மூணாம் நாள் மத்தியானம் டப்பாவைக் கழுவிட்டு வந்தா, கவுன்டர் பொண்ணு என் இடத்துல உக்காந்து, மணை மேல கால் வச்சு, கண்ணை மூடிக்கிட்டிருக்கா. என்னைவிட ரெண்டு செ.மீ. குள்ளம். சத்தாராப் பக்கத்துப் பொண்ணு. என்னைப் பாத்ததும் பதறி எழுந்தா. "உக்காரு"ன்னேன். அவ கவுன்டருக்கு அடியில குனிஞ்சு பாத்தேன். கவுத்துப் போட்ட குப்பைக் கூடை.

அன்னிக்குச் சாயங்காலம் இன்னொரு கடுதாசி எழுதினேன். நாற்காலி கேக்கல. எங்க கிளையில ஆறு பேருக்குக் கால் எட்டல, ஆறு கால்மணை, ஒண்ணு 600 ரூபாய், மொத்தம் 3,600னு அளவோட எழுதினேன். மேனேஜர் அவர் அதிகாரத்துக்கு உட்பட்ட சில்லறைச் செலவுல அன்னிக்கே கையெழுத்துப் போட்டுட்டார். அண்ணாச்சி ஆறு பேரையும் உக்கார வச்சு அளவெடுக்க நேர்லயே வந்தார்.

தொடை மரமரப்பு முக்காவாசி போயிடுச்சு. மிச்சத்துக்குத் தினம் செம்பூர்ல ஒரு மணி நேரம் நடை. உங்க வீட்டுலயும் ஆபீஸ்லயும் இன்னிக்கு ஒரு தடவை மேசைக்கு அடியில குனிஞ்சு பாருங்க. யாரோட கால் தொங்குதுன்னு எனக்கும் எழுதுங்க.