சொல் தடுமாறியபோது

காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் செல்லும்போதெல்லாம் எம் தமிழாசான் ஒருவரின் நினைவு எம்மை வாட்டும். வைணவ மரபில் வந்த அப்பெருமகனார், இசுலாமியக் குடும்பத்துப் பிள்ளையாகிய எமக்கு யாப்பும் அணியும் கற்பித்தவர்; இறுதிவரை "தம்பி" என்றே அழைத்தவர்.

2014ஆம் ஆண்டு அவருக்கு நாட்பட்ட லிம்போசைட் வகை இரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களுள் ஒருவகை, பயனற்றுப் பெருகி இரத்தத்திலும் எலும்பு மச்சையிலும் சேர்வதே இந்நோய். முதியோரிடமே மிகுதியாகக் காணப்படுவது. பெரும்பாலும் மெல்ல வளர்வது. ஆதலின் பலருக்கு உடனே மருந்து தராமல், இரத்தத்தை அவ்வப்போது சோதித்துக் காத்திருப்பதே மருத்துவ முறை. ஆசானும் அவ்வாறே நான்காண்டுகள் நலமுடன் இருந்தார்.

2018ஆம் ஆண்டு ஆடிப்பெருக்கு நாள். அம்மா மண்டபப் படித்துறையில் அமர்ந்திருந்தோம். மேட்டூர் அணை நிரம்பிய ஆண்டு அது. காவிரி பெருகி ஓடியது. ஆசான் ஆற்றைச் சுட்டி, "வீதி நிறைந்து போகிறது, தம்பி" என்றார். என்னே உருவகம் என வியந்து குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். மறுவாரம் மூக்குக் கண்ணாடியைக் 'கதவு' என்றார். தலைவலி என்றார்; பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன என்றார். முதுமை என்று யாமே விடை கூறிக்கொண்டோம். இரு திங்கள் கழிந்தன.

ஐயுற்றவர் அவர்தம் மகளார். மருத்துவர் கீழ்முதுகில் ஊசி செலுத்தி, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள நீரை எடுத்துச் சோதித்தார். காசநோய், பூஞ்சைத் தொற்று ஆகியன இல்லையென உறுதி செய்தபின், இரத்தத்தில் இருந்த அதே புற்றணுக்கள் அந்நீரிலும் இருப்பதைக் கண்டார். இந்நோய் மூளையைப் பற்றி அறிகுறி காட்டுவது நூற்றில் ஒருவருக்கு நேர்வதே அரிது.

இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையே இயற்கை ஒரு தடுப்பை அமைத்துள்ளது. மருந்துகள் பல அதனைக் கடப்பதில்லை. எனவே மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தைத் தண்டுவட நீரிலேயே செலுத்தினர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக் குழுவில் பிறந்த மருந்து அது. அவர் 1948இல் மறைந்தார். அவர் மருந்து திருவரங்கத்து ஆசான் ஒருவருக்குச் சொல்லை மீட்டுத் தந்தது. அத்தடுப்பைக் கடக்கவல்ல இப்ருட்டினிப் மருந்தும் உடன் தரப்பட்டது.

சொற்கள் திரும்பின, எல்லாம் அல்ல. ஒருநாள் எம் குறிப்பேட்டைக் காட்டி உண்மையை உரைத்தோம். ஆசான் நகைத்து, "அணியிலக்கணம் நன்றாகத்தான் கற்பித்திருக்கிறேன்" என்றார். எமக்கு நகைக்க இயலவில்லை. ஈராண்டுகளுக்குப் பின் அவர் மறைந்தார்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை ஆண்டுதோறும் நடத்துகிறோம். மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததையும் அறிவோம். எனினும் கண்முன் நின்ற நோயைக் கவிதை என்று கொண்டோம். மாணவச் செல்வங்களே! இரத்தப் புற்றுநோயுள்ள பெரியவர் ஒருவரின் சொல்லோ பார்வையோ நடையோ தடுமாறினால், முதுமையென்று ஒதுக்காதீர். மருத்துவரிடம் அன்றே கூறுங்கள். காரணம் வேறாகவும் இருக்கலாம். அதை ஆராய வேண்டியவர் மருத்துவர். அக்குறிப்பேட்டின் வரியை யாம் இன்னும் அடிக்கவில்லை.