நாள் வைத்த கதை

எமது தங்கையின் திருமணத்துக்கு நாள் வைப்பதற்காக, 2018 ஆம் ஆண்டு வைகாசியில், ஐயாவுடன் சாத்திரியார் வீட்டுக்குச் சென்றோம். யாழ்ப்பாணத்தில் இருவகைப் பஞ்சாங்கங்கள் வழங்குகின்றன. முன்னோர் வகுத்த வாக்கியங்களைக் கொண்டு கணிப்பது ஒன்று. பிற்கால வானியல் அளவைகளால் திருத்திக் கணிக்கும் திருக்கணிதம் மற்றொன்று. ஒரே திதி ஒன்றில் காலையில் முடியும். மற்றதில் சில மணி நேரம் கழித்து முடியும். எமது வீடு வாக்கியம். மாப்பிள்ளை வீடு திருக்கணிதம். வானத்திலோ சந்திரன் ஒன்றே. இரண்டிலும் பழுதில்லாத பொழுதொன்றைத் தேடுவதே அன்றைய அலுவல்.

ஆயினும் நாளை நிருணயித்தவை கோள்கள் அல்ல. மாப்பிள்ளை ரொறொன்ரோவில் தொழிற்சாலையொன்றில் வேலை செய்பவர். அவருடைய தமக்கையாரின் பிள்ளைகளுக்கு யூலையிலும் ஆகஸ்டிலுமே பள்ளி விடுமுறை. செப்டெம்பர் தொடக்கத்தில் அங்கே பள்ளிகள் திறந்துவிடும். யூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஆடி. ஆடியில் திருமணம் ஆகாது. ஆக எஞ்சியவை ஆவணியின் முதற் பதினைந்து நாள்கள். வெளிநாட்டுச் சொந்தம் உள்ள குடும்பங்கள் யாவும் அதே நாள்களுக்கு முண்டியடித்தமையால் மண்டபம் கிடைக்கவில்லை. வீட்டிலேயே பந்தலிடுவதென்று முடிவாயிற்று. திங்கட்கிழமை வைகறை 4.50 முதல் 6.05 வரை என்று சாத்திரியார் எழுதித் தந்தார். 7.30க்கு இராகுகாலம் பிறக்குமுன் யாவும் முடிந்துவிடும்.

நேரம் என்பது எத்துணை நெகிழ்வானது என்பதை எமது தலைமுறை சிறுவயதிலேயே கண்டது. 1996 ஆம் ஆண்டு மே மாதத்தில், மின்சாரத் தட்டுப்பாட்டை முன்னிட்டு அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்தள்ளிற்று. ஒக்ரோபரில் அரைமணி பின்னிழுத்தது. 2006 ஏப்பிரிலில்தான் பழைய நிலைக்கு மீண்டது. அக்காலத்தில் எமது ஊர்ப் பெரியவர்கள் முகூர்த்தம் கேட்டால், "பழைய நேரமோ, புது நேரமோ?" என்றும் கேட்பார்கள். அரசாங்க அறிவித்தலொன்றுக்கு இராகுவும் வழிவிட்டதே என்று பின்னாளில் நண்பர்களோடு பேசிச் சிரித்திருக்கிறோம். சிரித்ததோடு சரி. வகுப்பறையில் பகுத்தறிவு பேசும் நாம் சாத்திரியார் வீட்டு விறாந்தையில் வாய் திறக்கவில்லை. தங்கையின் வாழ்வு, ஐயாவின் மனம் என்று எமக்கு நாமே காரணம் சொல்லிக்கொண்டோம்.

வைகறை முகூர்த்தம் என்றால் விருந்தினர் சற்று முந்தி எழவேண்டும், அவ்வளவே என்று எண்ணியிருந்தோம். காலை ஏழு மணிக்கு முந்நூறு பேருக்குச் சாப்பாடு என்றால், அடுப்படியில் நிற்போர் முதல்நாள் இரவு கண்மூட முடியாது. சமையற்காரர் நால்வர், காய்கறி வெட்டவும் தேங்காய் திருவவும் அயலூர்ப் பெண்கள் அறுவர். இரவு வேலைக்குக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள். "கலியாண வீட்டிலை கணக்குப் பாக்கிறதோ?" என்றார் ஐயா. அதற்கும் நாம் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று மணியளவில் தேநீருக்காகப் பின்வளவுக்குச் சென்றபோது, திருவலையில் எமது மாணவி அமர்ந்திருந்தாள். உயர்தர வகுப்பில் எம்மிடம் தமிழ் படித்தவள். பரீட்சை நடந்துகொண்டிருந்த காலம். அன்று காலை 8.30க்கு அவளுக்கு ஒரு வினாத்தாள். தாய்க்கு இடுப்பு நோவு. ஓர் ஆள் குறைந்தால் ஓர் ஆளின் கூலியும் குறையும் என்று அவள் வந்திருந்தாள்.

"போய்ப் படு பிள்ளை" என்றோம்.

"இன்னும் இருவது தேங்காய்தான், சேர்."

மூன்று மாதமாகப் பஞ்சாங்கங்களைப் புரட்டிய வீட்டில் பரீட்சை அட்டவணையை எடுத்துப் பார்க்க ஆசிரியரான எமக்கே தோன்றவில்லை. மீதித் தேங்காயைத் திருவ நாமாவது அமர்ந்திருக்கலாம். அதற்குள் உள்ளிருந்து அழைப்பு வந்தது. பெண்ணின் தமையன் என்ற முறையில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவவேண்டியவர் நாம். குளித்து வேட்டி மாற்ற ஓடினோம். பிறகு அவளை மறந்துபோனோம்.

முகூர்த்தம் பிசகவில்லை. 5.20க்குத் தாலி ஏறிற்று.

ஆண்டிறுதியில் பெறுபேறு வந்தது. அந்த ஒரு பாடத்தில் அவள் சித்தியெய்தவில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று பாடங்களிலும் சித்தி வேண்டும். மறுநாள் வீடு தேடிச் சென்றோம். தாய் கதிரையைத் துடைத்து முற்றத்தில் வைத்தார்.

"என்ன செய்யிறது மாஸ்ரர், பிள்ளைக்கு நேரம் சரியில்லை. குறிப்பை ஒருக்கால் காட்டிப் பாக்க வேணும்" என்றார்.

எந்தச் சாத்திரியாரிடம் என்று கேட்டோம். ஐயா போகும் அதே சாத்திரியாரின் பெயரையே சொன்னார்.