தோணித் தச்சர்களோடு ஒரு சனிக்கிழமை

பாதுவா நகரத்திற்குப் படிக்க வந்த முதல் மாதத்திலேயே வெனிஸைப் பார்த்துவிட்டேன் என்று வீட்டாருக்கு எழுதியிருந்தேன். காலையில் ரயிலேறி, சான் மார்கோ சதுக்கத்தில் புறாக்களின் நடுவே நின்று, ரியால்த்தோ பாலத்தின்மேல் ஜனத்திரளோடு அங்குலம் அங்குலமாக நகர்ந்து, இருட்டுவதற்குள் திரும்பிய அந்த ஒரு நாள் பிரயாணத்தில் நான் தரிசித்தது நகரத்தின் முகத்தை மாத்திரமே என்பதும், அந்த முகம் வாடாமல் காத்துவருகிற கைகளில் ஒன்றைக்கூட நான் காணவில்லை என்பதும், ஏறத்தாழ ஒன்றரை வருஷம் கழித்து ஒரு புத்தகத்தின் முதற்பக்கத்தைப் புரட்டியபோதுதான் எனக்கு உறைத்தன.

அந்தப் புத்தகம், 1638-இல் லெய்டன் நகரில் அச்சேறிய, இரு புதிய விஞ்ஞானங்களைப் பற்றிய கலிலியோவின் சம்பாஷணை நூல். 1592 முதல் 1610 வரை பதினெட்டு ஆண்டுகள் எங்கள் சர்வகலாசாலையில் கணிதம் போதித்த அந்த மேதை, பொருள்களின் உறுதியைப் பற்றிய தம் ஆராய்ச்சியை வெனிஸ் நகரத்து அர்செனால் என்னும் கப்பல் கட்டும் தளத்தில் தொடங்குகிறார். தலைமுறை தலைமுறையாக வந்த அநுபவமும் சொந்தக் கவனிப்பும் சேர்ந்த அங்குள்ள தொழிலாளர்களோடு பேசியதால் விளைந்த பயனை வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். பொறியியல் மாணவனாகிய நான், அதே ஊரில் இருந்துகொண்டு, அரைமணி நேர ரயில் தூரத்தில் இன்றும் உளி பிடித்து நிற்கும் அத்தொழிலாளர்களின் வாரிசுகளை எட்டிப் பாராமல் இருப்பது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது. என் வகுப்புத் தோழன் ஒருவனுடைய தாய்மாமன், ஜுதெக்கா தீவில் தோணிப் பட்டறை ஒன்றில் வேலை செய்பவர் என்று தெரியவந்ததும், வருகிற சனிக்கிழமையே போவதென்று நிச்சயித்துக்கொண்டேன்.

மெஸ்த்ரே நிலையம் தாண்டியதும் நிலம் முடிந்து, 1846-இல் திறக்கப்பட்டதும் நான்கு கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்ததுமான பாலத்தின்மேல் ரயில் ஓடத் தொடங்குகிறது. இருபுறமும் விரிந்து கிடக்கும் உப்பங்கழியைப் பார்க்கிறவர்களுக்கு அது கடல்போலத் தோன்றினாலும், அதன் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். வெனிஸ் நகரத்துத் தோணிகள் அடிப்பாகம் தட்டையாக இருப்பதற்கு இந்த ஆழமின்மையே காரணம் என்பதை, சென்ற தடவை இதே ஜன்னலோரத்தில் அமர்ந்து வந்தும் நான் சிந்தித்ததில்லை.

தோணி கட்டும் தளத்தை அவ்வூரார் ஸ்குவேரோ என்கிறார்கள்; அங்கே வேலை செய்யும் தச்சர் ஸ்குவேரரியோல். ஒரு காலத்தில் கால்வாய்தோறும் இருந்த ஸ்குவேரோக்களில் இன்று எஞ்சியிருப்பவை விரல் விட்டு எண்ணக்கூடியவையே. அவற்றுள் பிரசித்தி பெற்றது தோர்சொதூரோ வட்டாரத்தில் சான் த்ரோவாசோ கோயிலை ஒட்டியுள்ள பதினேழாம் நூற்றாண்டுத் தளம். எதிர்க்கரையில் நின்று அதைக் கண்டபோது, சுற்றிலும் பளிங்கும் செங்கல்லுமாக இருக்கும் நகரத்தின் நடுவே, மரத்தாலான மாடமும் பூந்தொட்டிகளும் சரிந்த கூரையுமாக ஒரு மலைநாட்டு வீட்டைப் பெயர்த்துக்கொண்டு வந்து வைத்தாற்போல் இருந்தது. இதற்கு உண்மையாகவே ஒரு காரணம் உண்டு. தோணிக்கு வேண்டிய மரம் வடக்கே தொலொமித்தி மலைத்தொடரிலுள்ள கதோரே என்னும் பிரதேசத்திலிருந்து ஆற்று வழியாக வந்தது. மரத்தோடு அந்த மலையின் தச்சர்களும் வந்தார்கள். வந்தவர்கள் தங்கள் ஊர் வீட்டைப் போலவே இங்கும் கட்டிக்கொண்டார்கள். கடலோரத்துத் தோணியைச் செய்தவர் மலைவாசிகள் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சாட்டெரே கரையில் படகேறி ஜுதெக்காவில் இறங்கி, தோழன் வரைந்து கொடுத்திருந்த அடையாளங்களைப் பற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்த பட்டறையில், தண்ணீரை நோக்கிச் சரிந்த தரைமீது இரண்டு கொண்டோலாக்கள் இருந்தன. ஒன்று பழையது, ஒருக்களித்துச் சாய்த்து வைத்திருந்தார்கள், ஓர் இளைஞன் அதன் அடியில் மண்டிக் கிடந்த பாசியையும் சிப்பியையும் சுரண்டிக்கொண்டிருந்தான். மற்றொன்று, விலாச்சட்டங்களாகிய வங்குகள் வெளியே தெரிய, ஒரு பக்கம் மாத்திரம் பலகை தைக்கப்பட்டு, எலும்புக்கூடாக நின்றது. அறுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் வாய்ச்சியைக் கீழே வைத்துவிட்டு, மரத்தூள் படிந்த கையைத் துடைத்துக்கொண்டு என்னை வரவேற்றார். மருமகன் சொல்லியிருந்ததாகவும், சனிக்கிழமையானாலும் திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டிய வேலை இருப்பதால் வந்திருப்பதாகவும் சொல்லிவிட்டு, மேற்கொண்டு உபசார வார்த்தைகள் பேசாமல், என்னைப் பழைய கொண்டோலாவின் பின்முனையாகிய அமரத்தின் பக்கம் அழைத்துச் சென்று, ஒரு கண்ணை மூடி, முன்முனையாகிய அணியத்தைப் பார்க்கும்படி சொன்னார்.

“எப்படி இருக்கிறது, தம்பி?”

“கோணலாக இருக்கிறதே, ஐயா!” என்று தயக்கத்தோடு சொன்னேன். பழையதாகையால் உருக்குலைந்துவிட்டதோ என்றுதான் நினைத்தேன்.

“கோணலாக இல்லாவிட்டால் எனக்குக் கூலி கிடைக்காது” என்றார் பெரியவர்.

பிறகு அவர் விளக்கிய விஷயம், நான் வகுப்பில் இரண்டு வருஷம் கற்ற இயக்கவியலைவிட அதிகமாக என்னை யோசிக்க வைத்தது. கொண்டோலா கிட்டத்தட்ட 11 மீட்டர் நீளமும் 1.4 மீட்டர் அகலமும் உள்ளது. அத்தனை நீளத்தையும் ஓட்டுகிறவர் ஒரே மனிதர். அவர் கையிலிருப்பது ஒரே தண்டு. அமரத்தில் இடப்புறமாக நின்றுகொண்டு, வலப்புறத்தில் தண்டு வலிக்கிறார். இருபுறமும் சமமாக அமைந்த தோணியை இப்படி ஒரு பக்கத்தில் மாத்திரம் வலித்தால், அது ஒவ்வொரு வீச்சுக்கும் இடப்பக்கமாகத் திரும்பி, சுற்றிச் சுற்றி வருமேயன்றி முன்னே போகாது. ஆகவே தச்சர், இடப்பக்கத்தை வலப்பக்கத்தைவிட 24 சென்டிமீட்டர் அகலமாகப் புடைக்கச் செய்கிறார். தோணி தானாக வலப்பக்கம் போக விரும்புகிறது. தண்டு அதை இடப்பக்கம் தள்ளுகிறது. இரண்டு விருப்பங்களும் ஒன்றையொன்று அடக்கிக்கொள்ள, தோணி நேரே போகிறது. வெறுந்தோணியை நீரில் விட்டால் அது வலப்பக்கம் சாய்ந்தே மிதக்கும். ஓட்டுகிறவர் ஏறி நின்ற பிறகுதான் நிமிரும். ஆகையால், புதுத் தோணிக்குச் சொல்லி வைக்க வருகிறவரிடம் அவருடைய எடை என்ன என்று கேட்டுக்கொண்டே வேலையைத் தொடங்குவது வழக்கம். தைக்கிற சட்டைக்கு உடம்பை அளப்பதுபோல இங்கே தோணிக்கு மனிதனை அளக்கிறார்கள். இந்தக் கோணலை இன்றைய அளவுக்கு முற்றுப்பெறச் செய்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த தொமேனிக்கோ த்ரமொந்தின் என்ற தச்சர். பிரபுக்களுக்கு இரண்டு பேர் தண்டு வலித்த காலம் போய், ஒருவரே ஓட்டிப் பிழைக்க வேண்டிய காலம் வந்தபோது, அந்த ஒருவரின் சிரமத்தைக் குறைப்பதற்காகவே தோணி வளைந்துகொடுத்தது என்று பெரியவர் சொன்னார்.

உறுப்புகள் 280; மரங்கள் எட்டு வகை. ஃபிர், லார்ச், ஓக், எல்ம், லிண்டன், செர்ரி, வால்நட், மகோகனி என்று அவர் அடுக்கிக்கொண்டே போகும்போது, ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்த இடத்தில் தட்டிக் காட்டினார். அடிப்பலகைக்கு ஃபிர், பக்கப்பலகைக்கு ஓக், வங்குக்கு எல்ம். வரைபடம் எங்கே என்று கேட்டேன். சுவரில் மாட்டியிருந்த சில மரச்சட்டங்களைக் காட்டினார். வங்குகளின் வளைவை அளக்கும் அச்சுகள் அவை, புகையேறிக் கறுத்திருந்தன. அவற்றைக் கொண்டு எங்கே எவ்வளவு தள்ளிப் பிடிப்பது என்பதுதான் வித்தை. அது கையில் இருந்தது.

பிற்பகலில் பழைய தோணிக்கு ஒரு பக்கப்பலகையை மாற்றினார்கள். சதுப்பில் விளையும் நாணலைக் கட்டாகக் கட்டிக் கொளுத்தி, அதன் அனலைப் பலகையின் ஒரு முகத்தில் காட்டிக்கொண்டே, மறுமுகத்தை ஈரத்துணியால் நனைத்துவந்தார்கள். நாணலின் தீ சட்டென்று எழும்பிச் சட்டென்று அடங்குவது; மரத்தைக் கருக்காமல் சூடேற்றுவதற்கு அதைப்போல் வேறொன்றில்லை. ஒருவரும் பேசவில்லை. பெரியவர் உள்ளங்கையைப் பலகையில் வைத்து வைத்து எடுத்தார். ஒரு தருணத்தில் தலையை மாத்திரம் அசைத்தார். உடனே இளைஞன் முனையை அழுத்த, அதுவரை விறைத்து நின்ற ஓக் பலகை, தூங்கி விழும் குழந்தையைப் போல வங்குகளின்மேல் சாய்ந்து ஒட்டிக்கொண்டது. எத்தனை டிகிரி வெப்பத்தில் அந்தத் தலையசைப்பு நேர்ந்தது என்று அளந்தறிய எங்கள் ஆய்வுக்கூடத்தில் கருவிகள் உண்டு. எப்போது அசைக்க வேண்டும் என்பதை அந்தக் கருவிகளிடமிருந்து கற்றுக்கொள்ள எத்தனை வருஷம் ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு மூட்டுவாய்களில் சணலைத் திணித்துக் கீல் பூசும் கலப்பத்து வேலை நடந்தது. அந்தக் கீலின் வாசனையில் எனக்கு எங்கள் கடற்கரை ஞாபகம் வந்து, இத்தாலியர் ‘கத்தமரானோ’ என்று வழங்கும் சொல் எங்கள் தமிழ்ச் சொல் என்பதைச் சொன்னேன். அப்படியா என்று வியந்து, பெரியவர் அதன் பொருளைக் கேட்டார். மரத்தை மரத்தோடு சேர்த்துக் கட்டுவது என்று, இரண்டு விரல்களைச் சேர்த்து நூல் சுற்றிக் காட்டினேன். ‘கட்டு... மரம்...’ என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, “ஆணியே இல்லாமலா?” என்று கேட்டார். ஆமென்றேன். வெகுநேரம் மௌனமாக இருந்து, “அதைக் கட்டுகிறவரைப் பார்க்க வேண்டும்” என்றார். அதுவரை மாணவனாக இருந்த எனக்கு, அந்த க்ஷணத்தில் அவர் ஓர் ஆசனம் போட்டுக் கொடுத்ததுபோல் இருந்தது.

கொண்டோலாவின் கறுப்பு நிறத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் பிரபுக்கள் ஒருவரை மிஞ்சி ஒருவர் பட்டும் பொன்னுமாகத் தோணிகளை அலங்கரிக்கத் தலைப்பட்டதால், 1562-இல் குடியரசு ஆடம்பரத்தைத் தடுக்கும் சட்டம் செய்தது; கறுப்பே பொதுநிறமாயிற்று. குடியரசு 1797-இல் வீழ்ந்தது. அதன் சட்டத்திற்கு இன்றும் இந்தப் பட்டறையில் பூச்சு மேல் பூச்சாக மரியாதை நடக்கிறது. அணியத்தில் நிமிர்ந்து நிற்கும் உலோகச் சீப்பின் ஆறு பற்கள் நகரத்தின் ஆறு வட்டாரங்களையும், பின்னோக்கிய ஒரு பல் இந்த ஜுதெக்காவையும் குறிக்கும் என்று சொல்வது வழக்கம். பின்னால் நிற்பவரின் பாரத்தை முன்னால் சமன் செய்வதும் அதன் வேலை என்று பெரியவர் சேர்த்துக்கொண்டார்.

வேலை முடிந்து கைகழுவிக்கொண்டிருந்தபோது, அந்த இளைஞனிடம் எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டேன். மெஸ்த்ரேயில் என்றான். வெனிஸ் தீவுகளுக்குள் வாடகை கொடுத்துக் குடியிருக்க அவன் சம்பளம் இடங்கொடுக்கவில்லை. 1951-இல் ஏறக்குறைய 1,75,000 பேர் வாழ்ந்த அந்தப் பழைய நகரத்தில் இன்று 50,000 பேரும் இல்லை. தோணியைச் செய்கிறவன் தோணி மிதக்கும் ஊரில் உறங்க முடியாமல், தினந்தோறும் பாலத்தைக் கடந்து வந்து போகிறான் என்பதைக் கேட்டபோது எனக்குத் துக்கமாக இருந்தது. கொண்டோலா இன்று சுற்றுலாக்காரரின் விநோதப் பொருள்தானே, அதற்காக இவ்வளவு விசாரப்படலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அபிப்பிராயத்தை நான் ஏற்கவில்லை. அநுமதி பெற்ற கொண்டோலாக்காரர் 400-க்குச் சற்று மேல்; அவர்கள் ஓட்டுவதால் தச்சர் வாழ்கிறார்; தச்சர் வாழ்வதால் தண்டு செதுக்குபவர், பொன்தகடு அடிப்பவர், இரும்பு அடிப்பவர், திண்டு தைப்பவர், தொப்பி செய்பவர் யாவரும் வாழ்கிறார்கள். இத்தொழில்கள் யாவும் 2002-இல் எல் ஃபெல்சே என்ற சங்கமாக ஒன்றுகூடின. சவாரி செய்கிறவர் எந்த நோக்கத்தோடு செய்தாலும், அந்தப் பலகையின்மேல் வைக்கப்பட்ட உள்ளங்கை பொய்யல்ல.

திரும்பும் வழியில், பெரியவர் சொல்லி அனுப்பியபடி, ஒரு சந்துக்குள்ளிருந்த தண்டுத் தச்சரின் கூடத்தில் நுழைந்தேன். ரெமேர் என்று பெயர் பெற்ற இவர்கள், தண்டையும் அது சார்ந்து புரளும் ஃபோர்க்கொலா என்னும் தாங்கியையும் செய்பவர்கள். சுவரோரமாக நாலாகப் பிளந்த வால்நட் கட்டைகள் வருஷக்கணக்கில் உலர்வதற்காக அடுக்கப்பட்டிருந்தன. அப்படிப்பட்ட ஒரே கட்டையிலிருந்து குடைந்தெடுத்த ஃபோர்க்கொலா, முழங்கை மடித்த ஒரு கையைப் போலிருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் வேறு வேறு வளைவு. சிற்பமென்று வாங்கிப் போய் வரவேற்பறையில் வைக்கிறவர்களும் உண்டாம். நடுவயதுக்காரரான அந்தத் தச்சர், ஒரு தண்டை அதன்மேல் சார்த்தி, நேரே போக இந்த வாய், வேகம் எடுக்க இது, திரும்ப இது, பின்னுக்குப் போக இது, நிற்க இது என்று ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டினார். ஓட்டுகிறவரின் உயரமும் வீச்சும் தெரியாமல் அவர் உளியைத் தொடுவதில்லை.

சாயங்காலம் ரயிலடிக்குப் போகப் பெருங்கால்வாயைத் தோணியில் கடக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. இருந்தும் சான் தொமாத் துறையில், அக்கரை சேர்க்கும் த்ரகெத்தோத் தோணியில் ஏறினேன். அதில் ஊரார் நின்றுகொண்டே போகிறார்கள், நானும் நின்றேன். முன்னும் பின்னுமாக இருவர் தண்டு வலித்தார்கள். மோட்டார் படகொன்று எழுப்பிய அலை பக்கவாட்டில் மோதியபோது, தோணி ஒரு தடவை அசைந்து, காலடியில் தானே நிமிர்ந்துகொண்டது.

அதுவே கடைசி நடை. அக்கரையில் கயிற்றைக் கம்பத்தில் கட்டிவிட்டு, பின்னால் நின்றவர் குனிந்து, குழியிலிருந்து ஃபோர்க்கொலாவை உருவி எடுத்தார். தண்டு தேய்த்துத் தேய்த்துப் பளபளத்துப்போன அதன் கழுத்தை உள்ளங்கையால் ஒரு தடவை துடைத்தார். பிறகு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சந்துக்குள் வீட்டை நோக்கி நடந்தார்.